தாணு ஏன் இரண்டு தடவை தும்முகிறான்

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. சுவர் தாண்டி வந்து விழுந்தது. திருவனந்தபுரம் கரமனையில் எங்கள் வீட்டுக்கும் சேஷன் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். அங்கே அப்பளம் நொறுங்கினால் இங்கே கேட்கும். (மிகையில்லை. சரி, கொஞ்சம் மிகை.) சென்ற மாதம் ஒரு காலையில் சேஷனின் மனைவி சீதாலக்ஷ்மியின் குரல் அந்தச் சுவர் வழியாக வந்தது:

"அந்தத் தும்மல் என்னோடதாக்கும்! கேட்டேளா?"

ஓய்வுபெற்ற மனிதனுக்கு இதைவிட நல்ல வரியை யார் தருவார்கள்? பேப்பரைப் போட்டுவிட்டு ஓடினேன். [முழங்கால் நிலவரப்படி, நடந்தேன்.]

தும்மலில் தொடங்கினால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. ஆகவே வேறு தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

முதல் தொடக்கம்: உலகமே கொண்டாடும் கணினி விளையாட்டு ஒன்று திருவனந்தபுரத்தில், ஒரு சமையலறைக்கு அடுத்த அறையில் பிறந்தது என்றால்—

'உலகமே' அதிகம். அடித்துவிட்டேன்.

இரண்டாவது: தொண்ணூறுகளில் 'தாணு' விளையாடாத குழந்தையே இந்த ஊரில்—

எங்கள் தெருவில் கணினி இருந்ததே சேஷன் வீட்டில் மட்டும்தான். அதையும் அடித்துவிட்டேன்.

மூன்றாவது: சேஷன் தனியாளாக ஒரு விளையாட்டைச் செய்தார்.

ஊர் இப்படித்தான் நம்புகிறது. ஆனால் சீதாலக்ஷ்மி இதைப் படித்தால் எனக்கு இனிமேல் அந்த வீட்டில் காபி கிடையாது. 'தனியாளாக' என்ற சொல்லை வைத்துத்தான் சண்டையே.

2

தாணுவைத் தெரியாதவர்களுக்காக: கட்டம் கட்டமான உடம்பு, கையில் குடை, இடுப்பில் வேட்டி. கரமனையில் கிளம்பி, பள்ளமும் பாறையும் தாவி, வித்துரா, கல்லாறு வழியாகப் பொன்முடி மலையுச்சிக்குப் போய்ச் சேரவேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. சேஷன் ஆபீஸ் விட்டு வந்த மாலைகளில் எழுதியது. பிளாப்பிகளில் கைமாறிக் கைமாறி எங்கெங்கோ போயிற்று. இன்று இணையத்தில் அதற்கென்று ஒரு ரசிகர் கூட்டம் இருக்கிறது. [கோடிக்கணக்கில் என்று எழுதியிருந்தேன். நெருக்கி உட்கார்ந்தால் ஒரு பஸ்ஸில் அடங்குவார்கள்.]

அந்தப் பஸ்ஸில் இருப்பவர்களுக்குத் தாணுவைப் பற்றிய துணுக்குகள் என்றால் உயிர். தாணு ஏன் வேட்டி கட்டுகிறான்? பண்பாட்டு அடையாளம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். உண்மையில், இரண்டு கால்களைத் தனித்தனியாக நடக்கவைக்கக் கணினியில் இடம் போதவில்லை; வேட்டியைக் கட்டிவிட்டால் கால் வரையவேண்டாம். வித்துராவில் ஏன் ஓயாத மழை? சேஷனுக்கு மழையைப் பெய்யவைக்கத் தெரிந்தது, நிறுத்தத் தெரியவில்லை. பெயர் பிறகுதான் வந்தது. இப்படிக் கொட்டுகிறதே, வித்துரா என்று வைத்துவிடுவோம் என்று. கல்லாற்று நண்டுகள் எப்போதும் வலப்பக்கமாகவே போவதற்குக் காரணம்—

போதும். நண்டுக்குப் போனால் நான் திரும்பமாட்டேன்.

எல்லாவற்றுக்கும் மேலான துணுக்கு தாணுவின் தாவல். தாவும்போது அவன் தும்முவான். அந்தரத்தில் இருக்கும்போதே பொத்தானை மறுபடி அழுத்தினால் மறுபடி தும்மி, வெறுங்காற்றை மிதித்து இன்னொரு தாவல் தாவுவான். அது தெரியாமல் கல்லாற்றைக் கடக்க முடியாது. எப்பேர்ப்பட்ட மூளை இதை யோசித்தது என்று ரசிகர்கள் வியக்கிறார்கள். மூளை ஒன்றும் யோசிக்கவில்லை. சொல்கிறேன்.

3

இதைச் சீதாலக்ஷ்மியின் பக்கம் நின்றுகொண்டு சொல்லப்போகிறேன். சேஷனுக்குத்தான் ஒரு பஸ் ஆள் இருக்கிறதே.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சீதாலக்ஷ்மி சாம்பார்ப்பொடிக்கு மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தார். அடுத்த அறையில் சேஷன் மைக்கை வாயருகே பிடித்துக்கொண்டு, தாணு தாவும்போது போடவேண்டிய 'ஹோய்!' சத்தத்துக்காக முனைந்துகொண்டிருந்தார். அதுவரை பதிவான ஹோய்களெல்லாம் பால்காரரைக் கூப்பிடுவதுபோல இருந்தன. சீதாலக்ஷ்மி காபி டம்ளரோடு உள்ளே வந்தார். கூடவே மிளகாய் நெடியும் வந்தது. பதிவு ஓடிக்கொண்டிருந்தது. தும்மல் ஒன்று வெடித்தது.

[அந்த நெடியில் கரமனை ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தவர்களும் தும்மினார்கள் என்று எழுதி வைத்திருந்தேன். மனசில்லாமல் நீக்குகிறேன்.]

சேஷன் போட்டுக் கேட்டுவிட்டுத் துள்ளினார். "இதையே வெச்சுடலாம் சீதே! ஜோரா இருக்கு."

"ஒத்தைத் தும்மலா?" சீதாலக்ஷ்மியின் முகம் மாறிவிட்டது. "மலையேறப் போற பிள்ளை. ஒத்தைத் தும்மலோடயா கெளம்பறது? போன காரியம் உருப்படுமா?"

"பொம்மைடீ அவன்."

"பொம்மையானா என்ன? நம்மாத்திலேர்ந்து கெளம்பறவனாக்கும். இன்னொண்ணு சேருங்கோ. ரெட்டைத் தும்மல்னா சுபம்."

"ஒரு தாவலுக்கு ஒரு சத்தந்தான் போட முடியும்."

"அப்போ ரெண்டு தாவலா ஆக்குங்கோ."*

சேஷன் அதே தும்மலைப் படியெடுத்து ஒட்டி, தாணுவுக்கு அந்தரத்தில் இரண்டாவது தாவல் கொடுத்தார். இப்படித்தான் ஒரு பஸ் நிறைய ஆட்கள் வியக்கும் அதிசயம் பிறந்தது.

* ஒற்றைத் தும்மல் வந்தால் உள்ளே போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புவது எங்கள் தெருவில் இன்றும் உண்டு. சீதாலக்ஷ்மி முதலில் அதையும் வைக்கச் சொன்னாராம். தாவலுக்குத் தாவல் தாணு வீட்டுக்குத் திரும்பினால் பொன்முடி எப்போது வரும் என்று சேஷன் கெஞ்சினாராம்.

4

இனி சென்ற மாதம். டெக்னோபார்க்கில் சின்னதாகக் கம்பெனி நடத்தும் விஜின் தாணுவைக் கைபேசிக்குக் கொண்டுவருகிறான். பொன்முடி உச்சியை எட்டியதும் வரும் பெயர்களைச் சரிபார்க்கச் சொல்லிக் காட்டினான். நிரல்: சேஷன். படங்கள்: சேஷன். ஒலி: சேஷன். அடியில், குடும்பத்தாருக்கு நன்றி.

சீதாலக்ஷ்மி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"குடும்பத்தார்னா ஆரு?"

"ஆன்ட்டிதன்னே," என்றான் விஜின், பாதி மலையாளத்தில், பல்லெல்லாம் தெரிய.

"எனக்குப் பேரில்லையா? ஒலியிலே எம்பேரைப் போடு. தும்மினது நானாக்கும்."

சேஷன் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினார். அவர் நிலைமையையும் சொல்லவேண்டும்: நிரல் எழுதியதற்காக யாரும் அவரைத் தேடி வந்ததில்லை. வருகிறவர்களெல்லாம் "சார், ஒண்ணு தும்முங்கோ" என்பார்கள். துண்டு முனையைத் திரித்து மூக்கில் விட்டு அவர் தும்மிக் காட்டுவார். கைதட்டுவார்கள். அவருக்கு அந்த நாள் முழுக்கப் பசிக்காது.

"இத்தனை வருஷமா வாயைத் திறக்கலை. இப்போ என்ன?"

"இத்தனை வருஷமா வாய்ப்பேச்சா இருந்துது. செரி, ஆம்படையான் சந்தோஷமா இருக்கட்டும்னு விட்டேன். இப்போ எழுதறாளே!"

"மைக் என் கையிலேன்னா இருந்துது."

"மூக்கு எங்கிட்ட இருந்துது. அந்தத் தும்மல் என்னோடதாக்கும்! கேட்டேளா?"

இந்த இடத்தில்தான் நான் உள்ளே நுழைந்தேன். விஜின் என்னைத் தீயணைப்பு வண்டியைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"ரெண்டு பேரையும் போடலாமே சாரே?" என்றான் சேஷனிடம்.

"ஒரு தும்மலை ரெண்டு பேர் தும்முவாளா?" என்றார் சீதாலக்ஷ்மி. சேஷனும் தலையாட்டினார். அன்று அவர்கள் ஒத்துப்போனது அதில் மட்டும்தான்.

"அண்ணா, நீங்கோ சொல்லுங்கோ. அன்னிக்குச் சுவத்துக்கு அந்தண்டை இருந்தேளே. ஆர் தும்மல்?"

"எனக்கு ஏதோ யானை பிளிறினாப்போல கேட்டுது," என்றேன்.

"இவரைக் கேட்டதே பிசகு."

விஜின் எழுந்துகொண்டான். "எந்தா இப்போ செய்ய? நாளைக்கு அப்லோட் ஆக்கும். சாயங்காலம் கூப்பிடறேன். ஒரு பேரு பறஞ்சா மதி, அது போதும்."

5

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். சேஷனை அற்பமாக எழுதிவிட்டேனோ? அடுத்தவர் தும்மலைப் பிடுங்கிக்கொள்கிற ஆளா அவர்? மனசார அது தன் தும்மல் என்று நம்புகிறவர். அதனால் அன்று மத்தியானம் அவர் செய்ததையும் எழுதியாகவேண்டும்.

சமையலறைக்குள் போய் வாணலியை ஏற்றி மிளகாயைக் கொட்டினார்.

"என்ன பண்றேள்?"

"சோதனை. நீ தும்மு, நான் தும்மறேன். ரெண்டையும் போன்லே பிடிச்சு, பழசோட வெச்சுப் பார்க்கலாம்."

"எண்ணெய் விடாம வறுக்கறதா? இப்படியா கிளறறது? தள்ளுங்கோ—"

அதற்குமேல் பேச்சில்லை. இருவரும் தும்மினார்கள். ஜன்னல் கம்பி அதிர்ந்தது, தென்னையிலிருந்து இரண்டு இளநீர்— [ஒன்றும் விழவில்லை.] கண்ணில் நீர் வழிய இருவரும் பதிவைப் போட்டுக் கேட்டார்கள். பழைய தும்மலைக் கேட்டார்கள். மறுபடி புதியவை. எது யாருடையது என்று அவர்களுக்கே தெரியவில்லை. இத்தனை காலம் ஒரே நெடியில் தும்மித் தும்மி இரண்டும் ஒன்றாகிவிட்டிருந்தன.

சீதாலக்ஷ்மிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சேஷன் வாணலியைப் பிடித்தபடி நின்றார்.

விஜினின் போன் வந்தது. சீதாலக்ஷ்மி எடுத்தார். சீதாலக்ஷ்மி போனோடு கொல்லைப்பக்கம் போய், ஒரு பெயரைச் சொல்லிவிட்டு, திரும்பி வந்து அடுப்பை அணைத்தார்.

6

முடிவுகள். என்னிடம் இரண்டு இருந்தன.

ஒன்று: வெளியீட்டு விழாவில் சேஷன் மேடையேறி, "தும்மியது நானில்லை, என் மனைவி," என்கிறார். அரங்கம் அழுகிறது. எழுதும்போது நானும் அழுதேன். மறுநாள் படித்தால் டிவி சீரியல். விழாவே நடக்கவில்லை என்பது வேறு.

இரண்டு: சீதாலக்ஷ்மி கணவரின் பெயரையே சொல்லி விட்டுக்கொடுக்கிறார். இதை அவருக்கே வாசித்துக் காட்டினேன்.

"நான் ஏன் விட்டுக்கொடுக்கணும்? கதைன்னா பொம்மனாட்டிதான் விட்டுக்கொடுக்கணுமா? கிழிச்சுப் போடுங்கோ அண்ணா."

கிழித்தேன். "அப்போ உன் பேரைச் சொன்னியா?"

"உங்ககிட்ட சொன்னா ஊருக்கே தெரியும். அதுவும் பெருக்கி."

விளையாட்டு வந்துவிட்டது. பெயர்கள் பொன்முடி உச்சியில்தான் வரும். பழைய தாணுவில், செய்தவர் சோதித்துப் பார்க்க வசதியாக, நேரே உச்சிக்குத் தூக்கிப்போகும் ஒரு ரகசியப் பொத்தான் உண்டு. விஜின் அதைப் பிழை என்று நினைத்து நீக்கிவிட்டான். அந்தப் பொத்தானை நம்பியே வாழ்ந்த சேஷன், தன் விளையாட்டைத் தானே ஒருமுறைகூட நேர்வழியில் முடித்ததில்லை என்பது இப்போதுதான் வெளியாயிற்று.

ஒரு போன் அடித்தால் விஜின் சொல்லிவிடுவான். சேஷன் அடிக்கவில்லை. காலை காபிக்குப் பிறகு உட்கார்ந்தால், கல்லாற்றில் விழுகிறார், எழுகிறார், விழுகிறார். பக்கத்தில் சீதாலக்ஷ்மி பீன்ஸ் நறுக்கியபடி, "அந்தரத்திலே இன்னொரு தடவை அமுக்குங்கோ! இப்போ! ஐயோ, நண்டு!" என்கிறார்.

நேற்று நானும் போயிருந்தேன். தண்ணீரில் விழுந்தவர், தலை நிமிராமல் சொன்னார்:

"உம்பேரா இருந்தா நன்னாருக்கும் சீதே."

"எதுக்காம்?"

"இவ்வளவு கஷ்டப்பட்டு ஏறிப் போறேன். அங்கேயும் எம்பேரே நின்னா என்ன ரசம் இருக்கு?"

சீதாலக்ஷ்மியின் கத்தி ஒரு கணம் நின்றது. பிறகு, "குதியுங்கோ," என்றார்.

அங்கே என்ன பெயர் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நானும் விளையாடிப் பார்க்கிறேன்; இன்னும் வித்துரா மழையிலேயே நனைந்துகொண்டிருக்கிறேன். உங்கள் விரல்களுக்கு வயது குறைவு. அவசரமென்றால் நீங்களே ஏறிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் தயவுசெய்து எங்கள் தெருவுக்கு வந்து சொல்லிவிடாதீர்கள். இங்கே ஒருவர் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறார்.