இருபது சுற்று

குனிந்து நிற்கிறார் மாசிலாமணி அண்ணன், ஒரு கை என் தோளில், மறு கை தன் உள்ளங்காலில் எதையோ தேடுகிறது, முள்ளு தம்பி, நீ போய்க்கிட்டே இரு, எடுத்துட்டு வந்துடறேன் என்கிறார், நானும் தலையாட்டிவிட்டு நாலடி நடக்கிறேன், நடந்தபடியே நினைக்கிறேன், சிறை முற்றம் முழுக்க சிமென்ட் தரை, காலையும் மாலையும் நாங்களே கூட்டுகிற தரை, இங்கே முள் எங்கிருந்து வரும், நேற்று ஏழாவது சுற்றில் வந்த முள் இன்றைக்கு ஐந்தாவது சுற்றிலேயே எப்படி வரும், திரும்பிப் பார்த்தால் அவர் காலைப் பார்க்கவே இல்லை, கண்ணை மூடிக்கொண்டு மூச்சை மெல்ல மெல்ல விடுகிறார், என் தோளில் இருந்த கை இப்போது அவர் நெஞ்சில் இருக்கிறது. நான் பார்க்காதவன்போல முன்னால் திரும்பிக்கொள்கிறேன், உள்ளே இருப்பவர்களின் மரியாதை அது, ஒருவன் மறைப்பதை இன்னொருவன் பார்ப்பதில்லை.

நடக்கக் கற்றுக்கொடுத்ததே அவர்தான், நாற்பத்தாறு வயது ஆளுக்கு நடக்கக் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்று சிரிக்கலாம், ஆனால் வயலில் ஒரு வரப்புச் சண்டையில் மண்வெட்டியை ஓங்கி ஆயுள் தண்டனை வாங்கி வந்தவன் நான், மனைவி ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டாள், பிறகு யாரும் வரவில்லை, ஒன்பது வருடம், படுத்தே கிடந்தேன், சர்க்கரை நானூறைத் தொட்டது, கட்டைவிரலில் வந்த புண் ஆறாமல் கறுத்தது, நடக்காவிட்டால் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார் சிறை டாக்டர், எடுத்தால் எடுக்கட்டும், இந்தக் காலை வைத்துக்கொண்டு எந்த ஊருக்குப் போகப்போகிறேன் என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன், அப்போது பக்கத்துப் படுக்கைக்கு வந்த மாசிலாமணி அண்ணன் அந்தப் போர்வையைப் பிடுங்கினார், யோவ், தண்டனை ஜட்ஜு குடுத்தாரு, வாங்கிக்கிட்டோம், அதுக்கு மேல நீயா ஒண்ணு போட்டுக்காத, எந்திரி. முதல் நாள் இரண்டு சுற்று, புண் ஆறியபின் ஐந்து, பொங்கலுக்குள் இருபது, சோற்றில் பாதியை அவர் தட்டில் தள்ளச் சொல்வார், சர்க்கரை இறங்கியது, கால் தப்பியது, எனக்கு அவர்மேல் வந்த பிரியத்தை இன்றைக்குச் சொல்கிறேன், அன்றைக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அவருக்கு நடை எதற்கென்றால் பூங்கோதைக்காக, ஒரே மகள், போலீஸ் வண்டியில் ஏற்றியபோது அவளுக்கு எட்டு வயது, இப்போது பத்தொன்பது, மாதம் ஒருமுறை மனு பார்க்க வருவாள், உள்ளே இருப்பவனைப் பார்க்க வருவதற்கு எங்கள் பாஷையில் மனு, இரண்டு கம்பி வலை, நடுவில் ஒரு முழம் இடைவெளி, இந்தப் பக்கம் பத்துப் பேர் அந்தப் பக்கம் இருபது பேர் கத்துவார்கள், அதில் அவள் பாஸானதையும் அவர் சாப்பிட்டதையும் கத்திக்கொள்வார்கள். பதினோரு வருசமா அது கைய நான் புடிச்சதில்ல தம்பி, எட்டு வயசுக் கைதான் என் நெனப்புல இருக்கு என்பார். திறந்தவெளிச் சிறைக்குப் போனால் வலை கிடையாது, பெரிய மதில் கிடையாது, விவசாய வேலை, மனு வந்தால் மரத்தடியில் பக்கத்தில் உட்கார்ந்து பேசலாம், ஆனால் அங்கே அனுப்ப நன்னடத்தை மட்டும் போதாது, உடம்பு உழைப்புக்குத் தாங்கும் என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். அந்த ஒரு கையெழுத்துக்காகத்தான் ஐம்பத்தெட்டு வயதில் இருபது சுற்று, அதற்காகத்தான் முள்.

திறந்தவெளிச் சிறைக்கான பட்டியலில் என் பெயரும் இருந்தது, பரிசோதனை நாளன்று வரிசையில் அவர் எனக்கு முன்னால் நிற்கிறார், காலையிலேயே குளித்து, திருநீறு பூசி, கல்யாண மாப்பிள்ளைபோல, டாக்டர் நாடி பார்க்கிறார், ஸ்டெதாஸ்கோப் வைக்கிறார், நெஞ்சு வலி ஏதாவது என்று கேட்கிறார், எனக்கா, இருபது சுத்து நடக்கிறேன் ஐயா என்று சிரிக்கிறார், டாக்டர் பேனாவை எடுக்கிறார், அந்தப் பேனா தாளைத் தொடப்போகிறது, அங்கே போனால் மண்வெட்டி பிடிக்க வேண்டும், வெயிலில் தண்ணீர் சுமக்க வேண்டும், இவர் முதல் வாரத்திலேயே வரப்பில் விழுவார் என்று எனக்குத் தெரிகிறது, விழுவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது வரட்டுமே, மகள் கையைப் பிடித்துவிட்டு விழட்டுமே என்றும் தோன்றுகிறது, இரண்டும் ஒரே நேரத்தில் தோன்றுகின்றன, வாய் மட்டும் தானாகத் திறக்கிறது, ஐயா, அவருக்கு மூணு மாசமா நெஞ்சு வலி, மறைக்கிறாரு. வரிசையில் நின்ற அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், அவர் மட்டும் பார்க்கவில்லை.

இசிஜி எடுத்தார்கள், அன்றைக்கே வெளி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், இரண்டு இடத்தில் அடைப்பு, இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் ஆள் இல்லை என்றார்களாம், பட்டியலில் அவர் பெயரை அடித்தார்கள், என் பெயரில் டிக் போட்டார்கள், அவர் நடக்கவைத்த கால், அவர் இறக்கிவைத்த சர்க்கரை, அதற்குத்தான் கையெழுத்து கிடைத்தது. திரும்பி வந்து சிறை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவரைப் பார்க்கப் போனேன், அண்ணே என்றேன், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார், எம் பொண்ணு கைய ஒருதரம் புடிச்சிருப்பேன், அதுல மண்ணள்ளிப் போட்டுட்ட, போயிடு. பிளாக்கில் யாரும் என்னோடு பேசவில்லை, போட்டுக்கொடுத்தவன் என்று பெயராகிவிட்டது, சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னும் பின்னும் ஓராள் இடம் விட்டு நின்றார்கள், நாலாம் நாள் வண்டியில் ஏற்றி இந்தத் திறந்தவெளிச் சிறைக்குக் கொண்டுவந்து விட்டார்கள்.

இங்கே வானம் தரைவரைக்கும் இறங்கி வருகிறது, கடலைக் காடு, கத்தரித் தோட்டம், சுற்றிவர ஒரு வரப்பு, எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடக்கலாம், நான் ஓரடி நடக்கவில்லை, சமையல்கட்டில் காய் நறுக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன், உட்கார்ந்த இடத்திலேயே ஐந்து மாதம், வைத்த சோற்றை எல்லாம் தின்கிறேன், சர்க்கரை முந்நூற்றுப் பத்து என்று போன வாரம் சொன்னார்கள், சொன்னால் சொல்லட்டும் என்றிருந்தேன். மத்தியானத் தூக்கத்தில் மட்டும் நடக்கிறேன், அதே சிமென்ட் முற்றம், பக்கத்தில் அவர், அண்ணே வலிக்குதா என்று கேட்கிறேன், இல்ல தம்பி, முள்ளு என்கிறார், சரி அண்ணே என்று மேலே நடக்கிறேன், விழித்தால் கத்தரிக்காய்க் கூடை.

ஞாயிற்றுக்கிழமை, உனக்கு மனு என்று வார்டர் வந்து சொன்னபோது வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று நறுக்கிக்கொண்டே இருந்தேன். மரத்தடிப் பெஞ்சில் ஒரு பெண், நீலத் தாவணி, மடியில் பை, மோவாய் அப்படியே அவருடையது, நான் பூங்கோதை, சித்தப்பா என்றாள், பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்தேன், நடுவில் வலை இல்லை, அவள் கை பெஞ்சின்மேல் ஒரு சாண் தூரத்தில் கிடந்தது, அதைப் பார்க்கவே எனக்கு உரிமை இல்லை என்று மண்ணைப் பார்த்தேன். நான் சொல்லியிருக்கக் கூடாதும்மா என்றேன். அப்பா இன்னும் கோவமாத்தான் இருக்காரு, போன மனு பூரா உங்களைத் திட்டினாரு, உசுரோட இருந்து திட்டுங்க, எனக்கு அது போதும்னு கத்திட்டு வந்தேன் சித்தப்பா என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், நான் துடைத்துக்கொள்ளவில்லை, இத்தனை வருடமாகத் துடைக்க எதுவும் வந்ததில்லை, பழக்கம் விட்டுப்போயிருந்தது.

எழுந்தபோது சொன்னாள், ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாரு, உங்க பேரைக்கூடச் சொல்லல, அந்த ஆளுக்கு சக்கரை எவ்வளவுன்னு மட்டும் கேட்டுட்டு வான்னாரு, நாளைக்கு எனக்கு அங்க மனு இருக்கு. நூத்தி நாப்பதும்மா என்றேன். பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள், அந்தச் சத்தத்துல கேக்காது, கையை விரிச்சுக் காட்டிடுவேன் என்றாள். அவர் பதினோரு வருடமாகத் தொடாத கை, நாளைக்கு வலைக்கு அந்தப் பக்கம் விரியும், அதில் என் பொய் இருக்கும், கண்ணைச் சுருக்கிக்கொண்டு அதை அவர் வாசிப்பார்.

அடுத்த மாசமும் வர்றேன், அப்பவும் கேப்பாரு என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸுக்குப் போனாள். காய்க்கூடையை அப்படியே விட்டுவிட்டு வரப்பில் ஏறினேன், நடக்கிறேன், முற்றத்தைப்போல ஆறு மடங்கு இருக்கும் இந்தச் சுற்று, பாதியிலேயே மூச்சு வாங்குகிறது, தொடை நடுங்குகிறது, பக்கத்தில் யாருமில்லை, எந்திரி என்று சொல்லவும் யாருமில்லை, முப்பது நாள் இருக்கிறது. முதல் சுற்று முடிந்தது, இரண்டாவதற்குத் திரும்புகிறேன்.