ஜன்னல் இல்லாத நகர மண்டபம்

செல்லனும் அவன் மனைவி அமராவதியும் நகராட்சி ஆபீஸ் இருக்கும் அந்த நகர மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். கோயிலைச் சுற்றினாலாவது புண்ணியம் உண்டு. எண்பத்து மூன்றாம் வருஷம் திறந்த கட்டடம். எந்த மகராசன் வரைந்தானோ, பெரிய அண்டாவைக் கவிழ்த்து, கீழே சிமெண்டுக் கால்களை முட்டுக் கொடுத்தாற்போல் வட்டமாக நின்றது. கால்களுக்கு நடுவே கண்ணாடிச் சுவர். உள்ளே போகிறவர் வருகிறவர் எல்லாம் தெரிந்தார்கள். கட்டடத்துக்கு முன்பக்கம் எது, பக்கவாட்டு எது என்றுதான் தெரியவில்லை.

அவர்கள் தேடியது ஒரு ஜன்னலை. மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பால் வெட்டி, பிறகு செம்பனைக் குலை சுமந்தவர்கள். தோட்டத்து ஆபீசுக்குள் இருவரும் கால் வைத்ததில்லை. சம்பளமோ மருந்துச் சீட்டோ, எதுவானாலும் பக்கவாட்டு ஜன்னலுக்கு வெளியே மண்ணில் நிற்க வேண்டும். கணக்கெழுதும் கிராணி உள்ளேயிருந்து கூப்பிடுவார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். பட்டணத்து ஆபீஸ் என்றாலும் தொழிலாளி நிற்க ஒரு ஜன்னல் இருக்கத்தானே வேண்டும்?

தோட்டத்து இடுகாட்டின் வழியாகச் சாலை வரப்போகிறது. அங்கே புதைத்த தங்கள் சொந்தங்களை எடுத்து வேறிடத்தில் அடக்கம் செய்ய விரும்புகிறவர்கள் இந்த வெள்ளிக்கிழமைக்குள் நகர மண்டபத்தில் சொல்ல வேண்டும், மற்ற குழிகளைப் புல்டோசர் சமன் செய்துவிடும் என்று கிராணி மகாதேவா வாசித்துச் சொல்லியிருந்தார். இன்றுதான் அந்த வெள்ளிக்கிழமை. அங்கே அவர்களுடைய மகள் காளியம்மா கிடக்கிறாள். போன பங்குனியில் காய்ச்சலில் போனாள். ஏழு வயது.

அன்றிலிருந்து அமராவதிக்கு எதுவும் உறைக்கவில்லை. அழவும் இல்லை. சோறு வைத்தால் தின்றாள். விடியற்காலைப் பெரட்டு வரிசையில் பெயரைக் கூப்பிட்டால் போய் நின்றாள். இன்றைக்கும் செல்லன் பஸ் ஏறு என்றான், ஏறினாள்.

கடைசியில் ஒரு சிமெண்டுக் காலுக்குப் பின்னால் பலகை போட்டு அடைத்த சின்ன ஜன்னல் ஒன்று கண்ணில் பட்டது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது செல்லனுக்கு. தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான். அவளும் பக்கத்தில் நின்றாள். வெயில் சாய்ந்தது. யாரும் கூப்பிடவில்லை. அவர்கள் கூப்பிடாமல் நாமாகத் தட்டுவது மரியாதையாகாது.

பலகை உயர்ந்தபோது ஒரு மலாய்க்காரம்மா தலையை நீட்டினாள்.

"என்ன குடிக்கிறீங்க?" என்று மலாயில் கேட்டாள்.

ஆபீஸ்காரர்களுக்குச் சாயங்காலத் தேத்தண்ணி கொடுக்கிற ஜன்னல் அது. செல்லன் தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னான். அவள் பதறிப்போய் மேலே கையைக் காட்டினாள். "மாடியில. சீக்கிரம் போங்க, மூடப் போறாங்க."

கண்ணாடிக் கதவுவரை வந்த செல்லன் அங்கேயே நின்றுவிட்டான்.

"உள்ளயெல்லாம் எப்படிப் புள்ள போறது? யாராச்சும் வெளிய வரட்டும், சொல்லிக்கலாம்லா."

அமராவதி அவனைப் பார்த்தாள். பயப்படுவதற்கும் ஒரு மனசு வேண்டும். அது அவளிடம் மிச்சமில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். படிக்கட்டு நத்தை ஓடு மாதிரி சுழன்று மேலே ஏறியது. மாடியில் ஒரு அதிகாரியம்மா கிளம்புவதற்குக் கைப்பையை மாட்டிக்கொண்டிருந்தாள். அமராவதி அவளுக்கு எதிரே கிடந்த நாற்காலியில் யாரும் சொல்லாமலே உட்கார்ந்து, தெரிந்த மலாயில் சொன்னாள். "என் பிள்ளைய எடுக்கணும்."

அதிகாரி பையைக் கழற்றி வைத்தாள். தோட்டத்தின் பெயர், பிள்ளையின் பெயர் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டாள். நல்ல மனுஷி. எல்லாம் முடிந்த பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"திங்கக்கிழமை காலையில தோண்டுவாங்க. பெத்தவங்கள்ல ஒருத்தர் குழிகிட்ட நிக்கணும். பார்த்து, எங்க பிள்ளைதான்னு சொன்னாத்தான் எடுப்பாங்க."

பிள்ளைமேல் லோரி ஏறிவிடக் கூடாது என்பது ஒன்றுதான் இத்தனை நாளும் இருவர் நினைப்பிலும் இருந்தது. இப்படி ஒன்று இருக்கும் என்று தோன்றவே இல்லை. அமராவதியின் நெஞ்சுக்குள் என்னவோ பிடித்து இழுத்தது. பிறகு வலித்தது. பங்குனியில் வலித்திருக்க வேண்டியதெல்லாம் சேர்ந்து இப்போது வலித்தது.

செல்லன் கதவுக்கு வெளியே விட்ட இடத்திலேயே நின்றான். அவள் அழுதுகொண்டு வருவதைப் பார்த்து ஓரடி முன்னே வந்தான்.

"முடியாதுன்னுட்டாங்களா?"

"எடுத்துக் குடுக்கிறாங்களாம். திங்கக்கிழமை."

"நாம என்ன செய்யணுமாம்?"

"தோண்டுறப்ப ஒருத்தர் நின்னு பாக்கணுமாம்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நீங்க வேணாம். நான் பாக்குறேன்."