மெத்தைக் கம்பெனியில் மிச்சமான ஆள்

தன்னுடைய வேலை போன செய்திக்கு எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டியவர் மேஸ்திரிதான். மேடையில் பசுமை அதிகாரி மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இன்னையிலிருந்து நம்ம கம்பெனியில கழிவுன்னு ஒண்ணு கிடையாது. கழிவே இல்லாதப்ப கழிவு யார்டு எதுக்கு? யார்டே இல்லாதப்ப யார்டு மேஸ்திரி எதுக்கு?" என்று கேட்டபோது, நியாயமான கேள்விதானே என்று முதல் தட்டைத் தொடங்கி வைத்ததே அவர்தான். மூன்றாவது தட்டில்தான் அந்த மேஸ்திரி யார் என்று உறைத்தது. பாதியில் நிறுத்தினால் நன்றாக இருக்காதே என்று மீதியையும் தட்டி முடித்தார்.

அது மெத்தை செய்யும் கம்பெனி. முன்பெல்லாம் வெட்டிப் போட்ட ஃபோம் துண்டும், துணி ஓரமும், வளைந்த ஸ்பிரிங்கும் லாரி லாரியாக வெளியே போய் ஏதோ ஒரு பள்ளத்தை நிரப்பும். பிறகு மெத்தை வாங்குகிறவர்கள், ஊரை அசிங்கப்படுத்துகிற கம்பெனியின் மெத்தையில் படுத்தால் தங்களுக்குத் தூக்கம் வராது என்று எழுதிவிட்டார்கள். முதலாளிக்குத் தூக்கம் போயிற்று. அப்படி வந்தவர்தான் பசுமை அதிகாரி. மீசை இன்னும் முடிவெடுக்காத வயது. அவர் எல்லோரையும் உட்காரவைத்துப் பாடம் எடுத்தார். உள்ளே வந்த எதுவும் குப்பையாக வெளியே போகக்கூடாது. முதலில் பழுது பார்க்கணும், முடியாவிட்டால் வேறு எதற்காவது பயன்படுத்தணும், அதுவும் முடியாவிட்டால் தயாரித்தவரே திருப்பி எடுத்துக்கொள்ளணும்.

மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். மேஸ்திரி அந்தப் பாடத்தை அப்படியே பிடித்துக்கொண்டார். ஃபோம் துண்டு தலையணைக்குள் போயிற்று, துணி ஓரம் பையாயிற்று, ஸ்பிரிங் நிமிர்ந்து மறுபடி வேலைக்குச் சேர்ந்தது. பசை டிரம்மில் செடி முளைத்தது. யார்டு அவ்வளவு சுத்தமாகிவிட்டதில் அங்கே குடியிருந்த காக்கைகள் வேறு இடம் பார்த்துப் போய்விட்டன. தான் உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் காலைத் தானே அறுத்துக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும், அறுத்த தூளைக் கூட்டி எடுத்து எதற்காவது ஆகுமா என்றுதான் பார்த்திருப்பார்.

சாயங்காலம் ஆபீசில் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். இந்தச் செய்தியை வீட்டில் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று யோசித்தபடி கேட்டுக்கு வந்தார். வாட்ச்மேன் கையை நீட்டினார்.

"மேஸ்திரி, கார்டு?"

"அதான் வாங்கிட்டாங்களே."

"அப்போ விசிட்டரா? உள்ள வந்ததா என்ட்ரியே இல்லையே."

"காலையில நீதானேய்யா சல்யூட் அடிச்சு உள்ள விட்டே!"

"அது மேஸ்திரிக்கு அடிச்சது. நீங்க இப்ப மேஸ்திரி இல்லையே."

வாட்ச்மேன் கெட்டவர் இல்லை. கேட்டில் புதிதாக வைத்த மெஷின்தான் பிடிவாதம். ஊழியர், விருந்தாளி, மெத்தை, இந்த மூன்றில் ஒன்றாக இருந்தால் பச்சை விளக்கு எரியும். எதிலும் சேராதது மிச்சம். மிச்சம் வெளியே போகக்கூடாது. மேஸ்திரி எப்படித் திரும்பி நின்று பார்த்தாலும் சிவப்பாகவே எரிந்தது.

பசுமை அதிகாரி ஓடி வந்தார். "ஐயோ, அண்ணே! நீங்க இப்படியே வெளிய போனா, கம்பெனி ஒரு ஆளைத் தூக்கிப் போட்டதா ஆயிடும். கழிவே இல்லாத கம்பெனின்னு குடுத்த சான்றிதழை இப்பதான் மாட்டினோம், ஆணியில சுண்ணாம்புகூட உதிரல."

"தூக்கித்தானே தம்பி போட்டீங்க?"

"போஸ்ட்டைத்தான் எடுத்தோம். ஆளைத் தூக்கிப் போடல. ரெண்டும் வேற."

"அப்போ ஆளை என்ன பண்ணப்போறீங்க?"

"முறைப்படி போவோம்ணே. முதல்ல பழுது. உங்ககிட்ட ஏதாவது பழுது இருக்கா?"

"முட்டி வலி. சர்க்கரை. கோபம்."

"கோபமா? எப்பலேர்ந்து?"

"இப்பதான் ஆரம்பிச்சிருக்கு."

பழுது பார்க்க வழியில்லை என்று தெரிந்ததும் அடுத்த படி. மெத்தை கிடங்கின் கதவு காற்றில் படபடவென்று சாத்திக்கொள்ளும். மேஸ்திரியை அதற்கு முட்டுக் கொடுத்து நிற்கவைத்தார்கள். கதவு அசையவில்லை. லோடு ஏற்றுகிறவர்கள், "இவ்வளவு வருஷமா இவரை யார்டுல வீணடிச்சுட்டாங்களே" என்று மெச்சிக்கொண்டே போனார்கள். மேஸ்திரிக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் பசுமை அதிகாரி கையிலிருந்த கருவியில் கணக்குப் போட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"கல்லும் இதே வேலையைச் செய்யும்ணே. கல்லு மூச்சு விடாது. டீ கேக்காது."

தீர்ப்பை மேஸ்திரி கையில் கொடுத்திருந்தாலும் கல்லுக்குத்தான் கொடுத்திருப்பார்.

"சரி, கடைசிப் படி. உங்களைத் தயாரிச்சது யாரு?"

"எங்கம்மாதான்."

"இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்க. தங்கச்சி வீட்டுல, பக்கத்து ஊருலதான்."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "அப்போ பிரச்சினையே இல்ல! தயாரிச்சவங்க வந்து திருப்பி எடுத்துக்கட்டும்!"

அம்மா ஆட்டோவில் வந்து இறங்கிய அதே நேரத்தில், வீட்டுக்கு வராத ஆளைத் தேடிக்கொண்டு மனைவியும் நடந்து வந்து சேர்ந்தாள். மேஸ்திரி உள்ளே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னடா, உள்ள வச்சுப் பூட்டியிருக்காங்க? என்னத்தை எடுத்த?" என்றாள் அம்மா.

"ஒண்ணும் எடுக்கலம்மா. என்னைத்தான் எடுத்துக்கச் சொல்றாங்க."

அதிகாரி விளக்கினார். கம்பெனியில் பலருக்கு மாதக்கணக்கில் ஏறாத பாடம் அம்மாவுக்கு ஒரே மூச்சில் ஏறிவிட்டது. மருமகள் பக்கம் திரும்பினாள்.

"பாத்தியா? நான் குடுக்கும்போது எப்படிக் குடுத்தேன்! தலை நிறைய முடி, சிரிச்ச முகம். இப்போ என்ன நிலைமையில திரும்பி வருது பாரு."

"அத்தை, நீங்க குடுக்கும்போதே பாதி வேலை செய்யல. கூப்பிட்டா காது கேக்காது. சொன்னா மண்டையில ஏறாது. ஏதோ நானா தட்டிக் கொட்டி ஓட்டிட்டிருக்கேன்."

"என்கிட்ட இருந்த வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு."

"எங்க ஓடிச்சு? உக்காந்த இடத்துக்குச் சோறு வந்துச்சு!"

வாட்ச்மேன் நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்தார்.

"சரி தம்பி, எங்க கையெழுத்துப் போடணும்? என் பிள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன்" என்று அம்மா கண்ணாடியைத் தேடிப் பைக்குள் கைவிட்டாள்.

"ஒரே ஒரு விஷயம்மா. இப்ப வச்சிருக்கிறவங்க வேண்டாம்னு சொன்னாத்தான் தயாரிச்சவங்க எடுத்துக்கலாம். யாருக்காவது தேவையா இருந்தா அது மிச்சமே கிடையாது." அதிகாரி மனைவியின் பக்கம் திரும்பினார். "அக்கா, இவர் உங்களுக்குத் தேவையா?"

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. கல்யாணத்தின்போதுகூடப் பெரியவர்களே கேட்டுக்கொண்டு பெரியவர்களே பதிலும் சொல்லிக்கொண்டார்கள். மேஸ்திரிக்கு வேலை போனதுகூட அப்போது அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேலை போயிடுச்சா?" என்று அவரைக் கேட்டாள்.

"ஆமா."

"காலையில சொல்லவே இல்ல?"

"காலையில எனக்கே தெரியாது."

"எது உங்களுக்குக் காலையில தெரிஞ்சிருக்கு!"

அதிகாரி கருவியைத் தயாராகப் பிடித்தார். "எதுக்கு உபயோகப்படுறார்னு ஒண்ணே ஒண்ணு சொன்னா போதும்க்கா."

மனைவி நிஜமாகவே யோசித்தாள். "கடைக்கு அனுப்பினா ஒண்ணு சொன்னா வேற ஒண்ணு வாங்கிட்டு வருவார். பல்பு மாட்டச் சொன்னா நான் ஸ்டூலைப் பிடிச்சுக்கணும், அப்புறம் அவரைப் பிடிச்சுக்கணும், கடைசியில பல்பையும் நானே மாட்டணும். ராத்திரி குறட்டை. குழாயைத் திறந்தா மூடத் தெரியாது." இன்னும் கொஞ்சம் யோசித்தாள். "உபயோகம்னு பாத்தா ஒண்ணும் இல்ல தம்பி."

மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார். பொருளைப் பார்த்ததும் எந்தக் குவியலுக்குப் போகும் என்று சொல்லிப் பழகிய கண் அவருடையது. இப்படி ஒன்று யார்டுக்கு வந்திருந்தால் இரண்டாவது முறை புரட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். அம்மாவுக்குக் கண்ணாடி கிடைத்துவிட்டது.

"ஆனா வேணும்" என்றாள் மனைவி.

அதிகாரி குழம்பினார். "அக்கா, உபயோகம் இல்லாம எப்படி வேணும்? அப்படி ஒரு வகையே இல்லையே! பழுது பாக்கலாம், மாத்திப் பயன்படுத்தலாம், பிரிச்சு எடுக்கலாம், திருப்பிக் குடுக்கலாம்…"

"பிரிச்சு எடுப்பியா? எங்க, மேல கையை வச்சுப் பாரு!"

"இல்லக்கா, முறையைத்தான் சொல்றேன்…"

"உன் முறையில இடம் இல்லேன்னா புதுசா ஒரு இடம் போட்டுக்க. எனக்கு வேணும். எதுக்குன்னு எனக்கே தெரியாது. தெரிஞ்சாலும் நடுத்தெருவுல நின்னு உன்கிட்ட சொல்ல மாட்டேன்."

அம்மா கண்ணாடியை மடித்து வைத்தாள். "இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் ஆட்டோ பிடிச்சு ஓடி வந்திருக்க மாட்டேன்ல" என்றாள். குரலில் கோபத்தைக் கொண்டுவரப் பார்த்தாள். வரவில்லை.

அதிகாரி கருவியில் என்னென்னவோ தட்டினார். அது ஒவ்வொரு முறையும் கீச்சென்று மறுத்தது. கடைசியில் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டார். பார்க்க, பரீட்சையில் படிக்காத பாடத்திலிருந்து கேள்வி வந்த பிள்ளையைப்போல இருந்தார். "அண்ணே, இதை மட்டும் எனக்கு யாரும் சொல்லித் தரல" என்று முனகிவிட்டு வாட்ச்மேனுக்குத் தலையசைத்தார்.

வாட்ச்மேனுக்கு வேறு சிக்கல். சின்ன கேட் ஊழியருக்கும் விருந்தாளிக்கும். இவர் இரண்டும் இல்லை. மெஷினை ஒரு பார்வை பார்த்துவிட்டு, லாரி போகும் பெரிய கேட்டின் இரண்டு கதவையும் அகலத் திறந்துவிட்டார். அத்தனை பெரிய வாசலில் எந்தப் பக்கமாக நடப்பது என்று தெரியாமல் மேஸ்திரி நடுவாக நடந்து வெளியே வந்தார். சிவப்பு விளக்கு தன் பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

தெருவில் அம்மா ஒரு பக்கம் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். மறுபக்கம் மனைவி பிடிக்கவில்லை. ஆனால் தள்ளியும் நடக்கவில்லை. நாளை காலையில் எங்கே போவது என்று மேஸ்திரிக்குத் தெரியாது. உடையக்கூடிய சாமானைக் கொண்டுபோவதுபோல இரண்டு பேரும் தன்னைக் கொண்டுபோவது மட்டும் தெரிந்தது.

"எனக்குக் கடைசி பஸ்ஸு போயிடும்" என்றாள் அம்மா.

"போகட்டும் அத்தை. வீட்டுக்கு வாங்க. இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, ஒரு தடவை நீங்களே பாத்து எங்க கோளாறுன்னு சொல்லிட்டுப் போங்க."

"காதுன்னு சொன்னியே, எந்தக் காது?"

"எனக்கு ரெண்டும் நல்லாக் கேக்குதும்மா" என்றார் மேஸ்திரி.

"பாத்தீங்களா அத்தை? இப்ப மட்டும் கேக்கும்."