மூக்கு ஆபரேஷன்

இன்ஷிரா ஊற்றிய தேநீர் கிளாசுக்குள் விழவில்லை, ஷௌக்கியின் முழங்காலில் விழுந்தது.

"அடியே, என்னையும் மீன்னு நெனச்சுட்டியா? வெந்து போச்சுடி!" என்று அவன் துள்ளிக் குதித்தான். அவனுடைய மீன் சுடும் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இன்ஷிராவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இடது கண்ணை மூடி, குறி பார்த்து மறுபடி ஊற்றினாள். இந்தத் தடவை சரியாக விழுந்தது. ஷௌக்கி முழங்காலைத் துடைப்பதை விட்டுவிட்டு அந்த மூடிய கண்ணையே பார்த்தான்.

அலெக்சாண்ட்ரியாவின் அந்தத் துறைமுகத் தெருவில் ஷௌக்கியின் வாய்க்குப் பயப்படாதவர் இல்லை. அந்த வாய் பயந்தது ஒரே ஒரு சொல்லுக்குத்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவன் மனைவி இன்ஷிராவின் மண்டையோட்டுக்கு அடியில், மூளைக்குப் பக்கத்தில், அபூர்வமான ஒரு புற்றுக்கட்டியைக் கண்டுபிடித்தார்கள். மூக்கு வழியாகக் கருவியை விட்டு எடுத்தார்கள். வெளியே தழும்பே இல்லை. அதுவே இவனுக்கு வசதியாகப் போயிற்று. "மூக்குல சதை வளந்துச்சு, எடுத்துட்டாங்க" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டான். கட்டி என்று தெரிந்தால் ஊர்க்கண் பட்டுவிடும், ஐயோ பாவம் என்று பார்த்துப் பார்த்தே அவளைப் படுக்கையில் தள்ளிவிடுவார்கள் என்று அவனுக்குப் பயம். அவள் பிழைத்து வந்த சந்தோஷத்தில் கன்றுக்குட்டி அறுத்து விருந்து வேறு வைத்தான்.

"ஒரு மூக்குக்கு ஒரு கன்னுக்குட்டியா? என் மாப்பிள்ளைக்கும் இதே ஆபரேஷன்தான், முதலாளி. மூணாம் நாள் வேலைக்குப் போயிட்டான்!" என்று பக்கத்து வலைக்கடை பயூமி கேலி செய்தான்.

பொய்யோடு போயிருந்தால் பரவாயில்லை. வருஷா வருஷம் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூக்கு ஆபரேஷனுக்கு எதற்கு இத்தனை ஸ்கேன் என்று தெரு கேட்காதா? முதல் வருஷம் போனார்கள். அடுத்த வருஷம், "நல்லாத்தானே இருக்க? நாமளே போய் அதை எதுக்குக் கூப்பிடணும்?" என்றான். அவளும் சரி என்றுவிட்டாள்.

இப்போது கடையைப் பயூமியிடம் விட்டுவிட்டு அவளைப் பின்பக்க அறைக்குக் கூட்டிப் போனான்.

"என்னைப் பாரு. எத்தன ஷௌக்கி தெரியுது?"

"ஒரு ஷௌக்கியையே தாங்க முடியல. இப்ப ரெண்டு பேரு."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. "எப்பலேருந்து?"

"நோன்புக்கு முன்னாடியிருந்து."

"ஏன்டி சொல்லல?"

"தலைவலின்னு சொன்னாலே 'வாயக் கழுவு'ன்னு கத்துவ. அப்புறம் எதச் சொல்ல?" என்றவள், அவன் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்தாள். "நீ அவ்வளவு சந்தோஷமா இருந்த, ஷௌக்கி. அதக் கெடுக்க எனக்கு மனசு வரல."

பூண்டு மணக்கும் அவள் கைகளை முகத்தில் வைத்துக்கொண்டு அவன் தேம்பி அழுதான். எல்லோரையும் அதட்டும் அந்த மனுஷனை அவள்தான் தட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது.

ஸ்கேனைப் பார்த்த டாக்டர் மைஸா பெருமூச்சு விட்டார். கட்டி திரும்ப வந்திருந்தது.

"நாங்க அதோட பேரக்கூடச் சொல்லலையே, டாக்டர்!" என்றான் ஷௌக்கி.

"பேரு சொல்லலைன்னா அதுக்கு வழி தெரியாதுன்னு நெனச்சீங்களா?" என்று கேட்டார் அவர், கோபமில்லாமல். "இது திரும்பி வர்ற ஜாதிக் கட்டி. எலும்புக்குள்ளயும் நரம்பு பக்கத்துலயும் கண்ணுக்குத் தெரியாத துளி மிஞ்சிடும். அதச் சுரண்டப் போனா உயிருக்கே ஆபத்து. அதனாலதான் பாத்துக்கிட்டே இருக்கணும்னு சொன்னேன். போன வருஷமே வந்திருந்தா சின்னதா இருக்கும்போதே பிடிச்சிருக்கலாம். இப்பவும் கைவிடல. ஆபரேஷன் பண்ணலாம், கதிர் சிகிச்சையும் குடுக்கலாம். ஆனா பார்வை பழையபடி ஆகும்னு என்னால வாக்குக் குடுக்க முடியாது."

இருவரும் கடைக்குத் திரும்பியபோது மதியக் கூட்டம். பயூமி பல்லைக் காட்டினான். "என்ன முதலாளி, மறுபடியும் மூக்கா?"

கடையே சிரித்தது. இன்ஷிரா ஒரு கண்ணை மூடிக்கொண்டு கணவனையே பார்த்தாள். சொல்லு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"மூக்கு இல்ல, பயூமி. அது எப்பவுமே மூக்கு இல்ல. என் பொண்டாட்டிக்கு மண்டையோட்டுக்கு அடியில புற்றுக்கட்டி. திரும்ப வந்திருக்கு" என்றான் ஷௌக்கி.

சிரிப்பு அடங்கிப் போயிற்று. பயூமியின் கண் கலங்கிவிட்டது. "அட படுபாவி, மூணு வருஷமா என்னைக் கேலி பண்ண விட்டுட்டியே! ஆஸ்பத்திரிக்கு நான் வண்டி ஓட்டியிருப்பேனே. ஏன்யா எங்கிட்ட மறைச்ச?"

இன்ஷிராவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி ஷௌக்கி சொன்னான்:

"உங்க வீட்டுல யாருக்காவது நோய் வந்தா மறைக்காதீங்க, டாக்டர் சொன்ன தேதியத் தவற விடாதீங்க. ஊர்க்கண்ணு பட்டுடக் கூடாதுன்னு இவள ஒளிச்சு வெச்சேன். டாக்டர் கண்ணுலயும் படாமப் பண்ணிட்டேன்."