பள்ளத்து ஜோடி

இளையபெருமாள் தர வேண்டிய பாக்கி முப்பத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய். அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்காகக் கல்குவாரிக் குத்தகைக்காரர் அறிவழகனிடம் வாங்கிய முன்பணம். அது தீரும்வரை அரியலூர்ப் பக்கத்து அந்தச் சுண்ணாம்புக்கல் பள்ளத்தை விட்டு அவன் வேறு வேலைக்குப் போக முடியாது. எத்தனை வருடம் கல் உடைத்தும் கடன் குறைந்தபாடில்லை.

பூலாம்பாடியில் ஒரு வழி திறந்தது. சின்ன வெங்காயக் காடு வைத்திருக்கும் குடும்பம், ஒரே பெண். வீட்டோடு இருக்க மாப்பிள்ளை வேண்டும், பாக்கியை அவர்களே அடைத்துவிடுவார்கள். பெண்ணுக்குப் பிடித்தால் போதும்.

பெண் பார்க்கப் போவதற்கு இரண்டு நாள் முன்பு, ஐப்பசி மழையில் பள்ளத்தின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. தவளைகளை ஆராயும் ஏலாக்குறிச்சி ஷாலினி மேரி வந்து, வலைக்கூண்டின் இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் வைத்தாள். ஒன்றில் ஏரித் தவளையின் 'கொர்ர்', மற்றதில் பள்ளத்துத் தவளையின் 'கீச்'. நடுவே பள்ளத்துப் பொட்டைத் தவளையை விட்டாள். அது கொர்ரைச் சட்டை செய்யாமல் கீச்சின் பக்கம் தாவியது.

"ஏரி மாப்பிள்ளை ஆகாதாமா மேடம்?" என்று இளையபெருமாள் சிரித்தான்.

"முன்னாடி எல்லாம் ஒரே தவளைதாண்ணே. கொஞ்சம் இந்தப் பள்ளத்துல மாட்டிக்கிச்சு, சுவரு ஏற முடியல. வெள்ளைக் கல்லு மேல கறுப்பா உக்காந்திருந்ததைக் கொக்கு பொறுக்கிடுச்சு, வெளுத்ததுதான் பொழைச்சுது. கல்லு அரைக்கிற கிரஷர் சத்தத்துல கொர்ருங்கிறது பொட்டைக்குக் கேக்கல. கீச்சுன்னவனுக்குத்தான் ஜோடி கிடைச்சுது. அதுங்க குஞ்சுங்களும் அதே கீச்சு, அதையே தேடுற பொட்டைங்க."

"இதை ஏரியில விட்டா?"

"பொழைச்சுக்கும், ஆனா சேராது. ரொம்ப காலம் இப்படியே போனா, சேர்ந்தாலும் முட்டை பொரிக்காம போயிடலாம். அப்ப அது வேற இனம்ணே."

ஞாயிற்றுக்கிழமை பூலாம்பாடியில் பெண் காபி கொண்டுவந்தாள்.

"பேரு என்னங்க?" என்று கேட்டான்.

தட்டில் டம்ளர் குலுங்கியது. கொல்லையில் கட்டியிருந்த ஆடு எழுந்து நின்றது.

"ஏன் தம்பி சண்டைக்கு வந்தாப்ல பேசுறீங்க?" என்றாள் பெண்ணின் அம்மா.

கிரஷரை மீறிப் பேசியே பழகிய தொண்டை. தணித்துப் பேசப் பார்த்தான், காற்றுதான் வந்தது. சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். பஸ்ஸில் டிக்கெட் கேட்கக்கூட அவனுக்கு வாய் வரவில்லை. கையால் காட்டி வாங்கினான்.

மறுநாள் கிரஷர் பெல்ட்டில் கல் பொறுக்கும் வளர்மதி அந்தக் கோடியிலிருந்து கத்தினாள். "என்னய்யா ஆச்சு?"

"பொண்ணு பயந்துருச்சு!"

"எனக்கு ஒண்ணும் பயமில்ல! இங்க எனக்கு ஒழுங்காக் கேக்குறது உன் குரல்தான்!"

அவள் சொன்னது அந்தச் சத்தத்திலும் அவனுக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது.

தை மாதம் பள்ளத்து மேட்டு அம்மன் கோயிலில் தாலி கட்டினான். அறிவழகன் மாலையோடு வந்தார்.

"உன் பாக்கியைத் தள்ளுபடி பண்ணியாச்சுடா. அதான் என் மொய்."

"அப்ப நாங்க எங்க வேணாலும் போலாமா?"

அறிவழகன் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "போயேன். எங்க போவே?"

கீழே கிரஷர் ஓடிக்கொண்டிருந்தது. கணக்கு நோட்டில் அவன் பெயருக்கு நேரே இருந்த முப்பத்தெட்டாயிரத்து நானூறை அன்றே அடித்துவிட்டார்கள்.