இடது பெருவிரல்

வட்டவளைப் பக்கம் பொழுது விடிவதற்கு முன்பே சாமிக்கல் தோட்டத்து ஸ்டோர் இரையத் தொடங்கிவிடும். தேயிலைத் தொழிற்சாலைக்கு அங்கே அதுதான் பெயர். மேல்மாடியில் இரவெல்லாம் வாடிய கொழுந்தை ஆண்கள் அள்ளி அள்ளி ரோலருக்குள் தள்ளுவார்கள். பச்சைச் சாறு அவர்கள் உள்ளங்கையில் கருத்து இறுகும். அடுப்பில் விறகு வெடிக்கும். கீழே சல்லடை அறையில் பெண்கள் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு நிற்பார்கள். காய்ந்த தேயிலையின் தூசி அதையும் மீறி உள்ளே போகும். வீட்டுக்குப் போய் இருமினால் சளி பழுப்பாக வரும்.

அப்படியொரு விடியலில்தான் துரை சல்லடை அறைக்குள் வந்தார். கம்பெனி புதிதாக அனுப்பியிருந்த தோட்ட மேலாளர். சத்தம் போட மாட்டார், ஏச மாட்டார். இயந்திரங்களை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பேசினார்.

"கம்பெனிக்கு நஷ்டம். பாதிக் கொழுந்து இனிமே நோட்டன் பிரிட்ஜ் பக்கம் இருக்கிற ஸ்டோருக்குப் போகும். நாங்க யாரையும் வேலையில இருந்து நிப்பாட்ட மாட்டோம். ஆனா இந்த அறையில நாலு பேர் சுயவிருப்பத்தில ஓய்வு எடுக்கணும்."

ரோலர் அறையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நல்லமுத்து முன்னால் வந்தான். தோட்டத்துச் சங்கத் தலைவர் அவன்தான்.

"விருப்பம் இல்லாட்டி என்னங்க தொரை?"

"விருப்பம் வர்ற வரைக்கும் பேசுங்க தலைவர். சனிக்கிழமைக்குள்ள நாலு பேர் வரலன்னா சல்லடை அறையையே மூடிருவேன். அப்ப எல்லாருக்கும் விருப்பம் வந்திரும்."

"யாரு போறது?"

"அத நீங்களே முடிவு பண்ணுங்க. நான் தலையிடவே மாட்டேன்."

அவர் போன பிறகு இயந்திரத்தைப் போட வேண்டும் என்ற நினைவு யாருக்கும் வரவில்லை. ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். பத்துப் பெண்களும் ஒரே லயத்து வரிசை வீடுகளில் சுவருக்குச் சுவர் வாழ்கிறவர்கள். ஒருத்தி வீட்டு உப்பு இன்னொருத்தி சட்டியில் கரையும். அன்று பகல் சாப்பாட்டுக்கு அவர்கள் தனித்தனியாக உட்கார்ந்தார்கள்.

யாரை அனுப்பலாம் என்ற தேடல் சுற்றிச் சுற்றிக் காளியாயியிடம் வந்து நின்றது. வயது ஐம்பதைத் தாண்டியவள். புருஷன் இல்லை. நெஞ்சு இருமல். மகள் லோஜினி கொழும்புப் பக்கம் தையல் கம்பெனியில் இருக்கிறாள். வேறென்ன வேண்டும்?

அவளிடம் போய்ச் சொல்லும் பொறுப்பைப் பிரியந்தி ஏற்றுக்கொண்டாள். பிரியந்திக்கு இரண்டு பிள்ளைகள். கொழும்பில் கடையில் நின்ற புருஷன் சுதாகரன் வேலை போய் வீட்டில் கிடக்கிறான். இவள் இராப்பகல் மாறி மாறி வேலைக்குப் போனபோதெல்லாம் அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவள் காளியாயி.

"அக்கா, ஒங்களுக்கு மக அனுப்புறாதானே. நீங்க கையெழுத்து வச்சா எங்கள்ல ஒருத்திக்குப் பொழப்பு நிக்கும்" என்றாள் பிரியந்தி, வாசற்படியில் நின்றபடியே.

காளியாயி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"அவ கம்பெனியிலயும் பாதிப் பேர வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அவளே வாடகை குடுக்க முடியாம கெடக்கா. வேலை போச்சின்னா தோட்டம் குடுத்த இந்த லயத்துக் காம்பராவும் போயிரும். நான் எங்க புள்ள போவேன்?"

"அப்ப நாங்க எங்க போறது?"

"நான் ஒன்னயப் போகச் சொல்லலியே."

 அந்தச் சொல் பிரியந்திக்குள் கோபமாக மாறியது.

மறுநாளிலிருந்து யாரும் காளியாயியோடு பேசவில்லை. பாரச் சாக்குகள் அவள் பங்குக்கே வந்தன. அவள் சோற்றுச் சட்டியை யாரோ தூக்கி மழையில் வைத்திருந்தார்கள். தண்ணீர் ஏறிய சோற்றைப் பிழிந்து தின்றுவிட்டு அவள் மறுபடி வேலைக்கு வந்து நின்றாள். துரை அறையின் கண்ணாடிச் சன்னலுக்கு அப்பால் நடந்து போனார். அவர் தலையிடவே இல்லை.

பெரிய சல்லடைக்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும். தேயிலை அடைத்துக்கொண்டால் ஒருத்தி சுவிட்சை நிறுத்துவாள், மற்றவள் கையை விட்டுத் துப்புரவாக்குவாள். காளியாயிக்குச் சோடி பிரியந்தி. வெள்ளிக்கிழமை காலை பிரியந்தி சுவிட்சருகே போகவில்லை. அறையின் மறு கோடியில், உடன் வேலை செய்யும் தனுஜாவோடு சாக்குத் தைத்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் பேசி வைத்த ஏற்பாடு அது. தனியாகச் சமாளிக்க முடியாமல் போனால் காளியாயி தானாகவே போய்விடுவாள் என்று கணக்குப் போட்டிருந்தார்கள்.

சல்லடை அடைத்தது. காளியாயி இரண்டு முறை குரல் கொடுத்தாள். ஒருத்தரும் அசையவில்லை. தேயிலை கொட்டிக் குவிந்தால் அதற்கும் ஏச்சு வாங்குவது அவள்தான். ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்துக்குள் வலக்கையை விட்டாள்.

பெல்ட் இழுத்தது. முதலில் எலும்பு நொறுங்கும் சத்தம்தான் கேட்டது. அலறல் பிறகுதான் வந்தது. பிரியந்தி ஓடிப் போய் சுவிட்சைத் தட்டியபோது சலித்த தேயிலைமேல் இரத்தம் தெறித்துக் கிடந்தது. இரண்டு விரல்கள் போய்விட்டன.

அன்று மாலை ஆஸ்பத்திரிக்குப் போன பிரியந்தி கட்டிலருகே போய் நின்றாள். காளியாயியின் வலக்கை முழங்கை வரை கட்டுக்குள் இருந்தது. இடது கை போர்வைமேல் கிடந்தது. அதன் பெருவிரலில் நீல மை.

"இது என்னக்கா?"

மயக்கம் முழுதாகத் தெளியாத குரலில் காளியாயி சொன்னாள். "தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஐயா வந்தாரு. மருந்துக்குன்னு சொல்லி வெரலப் புடிச்சி அமுக்கினாரு."

ஆபீஸ் கிளாக்கருக்கு மருந்தில் என்ன வேலை என்று பிரியந்தி அந்த மையையே பார்த்தாள். 

சனிக்கிழமை விடியற்காலை துரை எல்லோரையும் ஸ்டோர் முற்றத்துக்கு அழைத்தார். பனி மூட்டத்தில் அவர் முகம் சரியாகத் தெரியவில்லை. குரல் வழக்கம்போல் அமைதியாக இருந்தது.

"காளியாயி வியாழக்கிழமையே சுயவிருப்பத்தில கைநாட்டு வச்சிட்டு ஓய்வு எடுத்திட்டா. நேத்து அனுமதி இல்லாம உள்ள வந்து மிசின்ல கைய விட்டிருக்கா. பாவம்தான். ஆனா அது கம்பெனிப் பொறுப்பில்ல. காம்பராவ இந்த மாசக் கடைசியில ஒப்படைக்கணும். சரி, ஒருத்தர் போயாச்சு. இன்னும் மூணு பேர்."

பெண்கள் நின்ற பக்கத்தில் ஓர் அசைவு ஏற்பட்டது.

"பொய்" என்றாள் பிரியந்தி. "நேத்துக் காலையில அவங்க எங்களோடதான் வேல செஞ்சாங்க. ஒங்க கிளாக்கர் ஆஸ்பத்திரியில போயி மயக்கத்தில கெடந்தவங்க வெரல அமுக்கியிருக்காரு."

"யாரு சாட்சி?"

"நான்தான். சுவிட்சுகிட்ட நிக்க வேண்டியவ நான். வேணும்னே நிக்கல. அவங்க தானாப் போகட்டும்னு விட்டேன்."

துரை முதல் முறையாகச் சிரித்தார். "அப்ப குத்தம் ஒன் மேலதான். இதப் போலீசில சொல்லுவியா? நல்லா யோசி. ஒனக்கு ரெண்டு புள்ளைங்க."

 பிரியந்தியின் கண்முன் பிள்ளைகள் வந்தார்கள்.

"சொல்லுவேங்க" என்றாள்.

"அவ மட்டுமில்ல" என்று தனுஜா தலை குனிந்தபடி முன்னால் வந்தாள். "சோத்துச் சட்டிய மழையில வச்சது நான். நானும் சொல்லுறேன்." அவளுக்குப் பின்னால் மற்றப் பெண்களும் ஒவ்வொருத்தியாக நகர்ந்து வந்தார்கள். பெருமையோடு வந்தவள் ஒருத்திகூட இல்லை.

நல்லமுத்து ஸ்டோருக்குள் போனான். ரோலர்களின் இரைச்சல் ஒவ்வொன்றாக அடங்கியது.

"தலைவர், மேல கொழுந்து கெடக்கு! கெட்டுப் போனா யாரு பொறுப்பு?" நல்லமுத்து வெளியே வந்ததும் துரையின் குரல் முதல் முறையாக உயர்ந்தது.

"அத நீங்களே முடிவு பண்ணுங்க தொரை. நாங்க தலையிட மாட்டோம். அந்தக் கைநாட்டத் திருப்பிக் குடுங்க. அப்புறம் பேசுவோம்."

பகல் நேரத்தில் மலையிலிருந்து கொழுந்தோடு இறங்கிய பெண்கள் சங்கதியைக் கேட்டார்கள். கொழுந்தை நிறுக்கக் கொடுக்காமல் சாக்குகளின் மேலேயே உட்கார்ந்தார்கள். மழை தூறியது. கம்பளியைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டார்களே தவிர எழுந்திருக்கவில்லை. வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. கொழும்பிலிருந்து என்ன உத்தரவு வருமென்று ஒருத்தருக்கும் தெரியாது. திங்கட்கிழமை ஸ்டோரே பூட்டப்படலாம்.

பிரியந்தியும் தனுஜாவும் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அவர்களைக் கண்டதும் காளியாயி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"எதுக்கு வந்தீங்க? அந்தக் கையில இன்னும் மூணு வெரல் மிச்சம் இருக்கு, அதுக்கா?"

தனுஜா அழத் தொடங்கினாள். பிரியந்தி அழவில்லை. முற்றத்தில் நடந்ததைச் சொன்னாள். தான் சொன்னதையும் சொன்னாள். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

"போலீசுக்குப் போறோங்க அக்கா. நாங்க சொல்லுறது மட்டும் பத்தாது. நீங்களும் வரணும். மனசில்லாட்டி வேணாம். நாங்க மட்டும் போயிச் சொல்லுறோம்."

 காளியாயி சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"மேல்மாடியில கொழுந்து?"

"அப்படியே கெடக்கு. யாரும் தொடல."

"புளிக்கட்டும்."

காளியாயி இடக்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். வலியில் முகம் கோணியது. தாங்கிப் பிடிக்க வந்த தனுஜாவின் கையைத் தட்டிவிட்டாள். கட்டில் கம்பியில் தொங்கிய தன் சட்டையைப் பிரியந்தியின் பக்கம் எறிந்தாள்.

"போட்டு விடு. ஒத்தக் கையால எனக்கு முடியல."

பிரியந்தி கட்டுப் போட்ட கையை மெல்ல நுழைத்து, ஒவ்வொரு பொத்தானாகப் பூட்டினாள்.  காளியாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாலும், கடைசிப் பொத்தான் வரை அசையாமல் இருந்தாள்.