எந்த மணிக்கூடு?

தான் எழுதிய புரோகிராமே தன் கழுத்தில் கத்தி வைக்கும் என்று நிருஷா கனவிலும் நினைக்கவில்லை. மட்டக்களப்பு டவுனில் கலியாணப் பொருத்தம் பார்க்கும் கம்பனி ஒன்றுக்குச் சாதக மென்பொருள் செய்து கொடுத்தவள் அவள்தான். கல்லடி மாப்பிள்ளை நிதுர்ஷனின் வீட்டார் அதிலேயே அவளுடைய பிறந்த நேரத்தைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். நாலாமிடத்தில் செவ்வாய், சரிவராது என்று காலையில் தரகர் சொல்லிவிட்டார். மாதக்கணக்காக அவனோடு போனில் கதைத்துச் சிரித்தவள், கணக்கில் எங்கே பிழை என்று தேட உட்கார்ந்தாள்.

மத்தியானம் சோறும் தின்னாமல் டேட்டாபேஸைக் கிண்டியதில் சனியன் பிடிபட்டது. அவள் பிறந்த காலத்தில், வெளிச்சத்தை மிச்சம் பிடிக்கிறோம் என்று அரசாங்கம் நாட்டின் மணிக்கூடுகளை அரை மணித்தியாலம் முன்னே தள்ளி வைத்திருந்தது. கொம்பியூட்டருக்கு அது தெரியும். அந்த வருசங்களில் இலங்கையில் பிறந்த எல்லாருக்கும் அந்த அரை மணித்தியாலத்தைக் கழித்துவிடும். ஆனால் அவள் பிறந்த கரடியனாறு அப்போது அரசாங்கத்தின் கையில் இல்லை, இயக்கத்தின் பக்கம். அங்கே பழைய நேரம்தான் ஓடியது. அதை எந்தப் படித்த மடையனும் டேட்டாபேஸில் எழுதி வைக்கவில்லை, அவள் உட்பட. பழைய நேரமாகப் போட்டுப் பார்த்தாள். செவ்வாய் மூன்றாமிடத்துக்கு நகர்ந்து, தோஷம் போயே போச்சு.

கையால் எழுதிய சாதகம் இடம்பெயர்வில் தொலைந்துவிட்டது. பிறந்த நேரத்தை யாருடைய மணிக்கூட்டில் பார்த்ததென்று குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அம்மா அன்னப்பூரணியிடம் ஓடிப்போய்க் கேட்டாள்.

"உங்கட அப்பாட கைமணிக்கூட்டிலதான் புள்ள."

அப்பா டவுனுக்கு மேசன் வேலைக்குப் போய் வந்தவர். ஆமியின் சென்றிக் காவலைத் தாண்டும்போது முள்ளை முன்னே தள்ளுவாராம், திரும்பி வரும்போது பின்னே இழுப்பாராம். சில நாளில் மறந்தும் போவாராம். அன்றைக்கு இழுத்தாரா, மறந்தாரா என்று அம்மாவுக்கு ஞாபகமில்லை. கேட்பதற்கு அப்பாவும் உயிரோடு இல்லை. ஆத்திரத்தில் நிருஷாவுக்கு அழுகை வந்தது. செத்துப்போன மனிசனின் மறதிக்கு அவள் எந்தக் கணக்கைப் போடுவது?

அவள் திரும்பிக் கொம்பியூட்டருக்கு முன்னால் உட்கார, அம்மா பின்னாலேயே வந்து திரையை எட்டிப் பார்த்தாள்.

"எந்த மணிக்கூடெண்டா பொருந்துதுகா?"

"பழையது."

"அப்ப பழையதுதான்."

"அம்மா, உங்களுக்கு உண்மையாத் தெரியுமா?"

அன்னப்பூரணி மகளின் போனை எடுத்துத் தரகரை அழைத்தாள்.

"ஓம் தம்பி, கொம்பியூட்டர்ல பிழையாம். புள்ள திருத்திட்டாள்."

நிருஷா இன்னும் ஒரு எழுத்தைக்கூட மாற்றியிருக்கவில்லை. இப்பவே திறந்து பார்க்கிறேன் என்று தரகர் சொல்வது அவளுக்கும் கேட்டது. அம்மா போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, கண்ணாலேயே கொம்பியூட்டரைக் காட்டினாள்.